கொல்லையில் கிடைத்த குண்டும் பொத்தானும்: எந்தக் காலத்தவை என்று கண்டறிய முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி மலையைச் சுற்றியுள்ள மாங்கொல்லைகளில், ராயக்கோட்டை அடிவாரத்தில், பென்னாகரம் பக்கத்துக் கடலைக் கொல்லைகளில் ஏர் ஓட்டும்போது சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை புரண்டு வரும். கையில் எடுத்தால் அதன் அளவுக்குப் பொருந்தாத கனம் இருக்கும். சில நேரம் பச்சைக் களிம்பு ஏறிய ஒரு பொத்தான். பெரும்பாலும் பிள்ளைகள் எடுத்து விளையாடிவிட்டு வீசிவிடுவார்கள், அல்லது பழைய இரும்புக்காரரின் தராசில் அது போய்விடும். அப்படிப் போன ஒவ்வொன்றுக்காகவும் எனக்கு வருத்தம் உண்டு. ஏனென்றால் இந்த மண்ணில் நடந்த சண்டைகளைப் பற்றி நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் எழுதிய குறிப்புகள்தான். அவர்கள் எழுதாமல் விட்டதை இந்தக் குண்டுகள்தான் சொல்ல வேண்டும்.

இவை ஏன் இங்கே கிடக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி மைசூருக்கும், அன்று கர்நாடிக் என்று சொன்ன கிழக்குத் தமிழகச் சமவெளிக்கும் நடுவில் இருக்கும் வாசல். 1767இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரில் காவேரிப்பட்டினமும் கிருஷ்ணகிரியும் களமாயின. 1768இல் கிருஷ்ணகிரிக் கோட்டை கம்பெனி கையில் விழுந்தது, பிறகு மைசூருக்கே திரும்பியது. மூன்றாம் போரில், 1791 ஜூலையில், மேஜர் கௌடி ராயக்கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் கர்னல் மேக்ஸ்வெல் பென்னாகரத்தைத் தாக்கிப் பிடித்தார். நவம்பர் 7ஆம் தேதி இரவு கிருஷ்ணகிரி மேல் ஏறப் பார்த்து முடியாமல் பின்வாங்கினார். 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிர்வாகத்துக்கு வந்தார்கள். 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டை வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஏறியது. சண்டை ஒரு நாள் என்றால் முகாம் பத்து நாள். பொத்தான் அறுந்து விழுவதும் குண்டு சிதறிப் போவதும் முகாமில்தான் அதிகம். அதனால் கோட்டை அடிவாரம் மட்டுமல்ல, பழைய பாட்டையோரமும் ஏரிக்கரையும்கூட முக்கியம்.

எடுக்கக் கூடாதவை

இதை மேலோட்டமாகப் படித்துவிட்டுத் தாண்டிவிடாதீர்கள். நம் பகுதியில் நிலத்தில் கிடக்கும் உலோகத் துண்டு எல்லாம் பழங்காலப் பொருள் அல்ல.

கல்குவாரி ஓரக் கொல்லைகளில் பென்சில் பருமனுக்கு அலுமினியக் குழாயோ செம்புக் குழாயோ, ஒரு முனை மூடியபடி, சில நேரம் ஒயர் நீட்டிக்கொண்டு கிடக்கலாம். அது பாறை வெடிக்கப் பயன்படும் கேப்பு. பழைய தோட்டா என்று நினைத்துச் சுரண்டினால் விரல் போகும். காட்டோரக் கிராமங்களில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டுவெடி) இன்னொரு ஆபத்து. துணியோ நூலோ சுற்றிய உருண்டை எதையும் தொடவே கூடாது.

பீரங்கிக் குண்டு கிடைத்தால், அதில் ஒரு துளை இருக்கிறதா என்று எட்ட நின்று பாருங்கள். துளை இருந்தால் அது உள்ளே மருந்து அடைத்து எறியும் வெடிகுண்டாக இருக்கலாம். கர்நாடகத்தின் நகரா என்ற ஊரில் 2018இல் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து திப்பு காலத்து இரும்பு ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் வெளிவந்தன. 200 ஆண்டுக்குப் பிறகும் அவற்றுக்குள் மருந்து இருந்தது. எனவே இரும்புக் குழல், துளையுள்ள குண்டு, குண்டு கழலாத முழுத் தோட்டா இவற்றில் எதைக் கண்டாலும் இடத்தை அடையாளம் வைத்துவிட்டு 112க்குச் சொல்லிவிடுங்கள். முழுத் தோட்டாவை வீட்டில் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சிக்கலும்கூட.

சட்டத்தைப் பற்றி இன்னும் சில. கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே தோண்டுவது, மெட்டல் டிடெக்டர் பிடிப்பது, கல்லைப் புரட்டுவது எதுவும் கூடாது. நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. உங்கள் சொந்தக் கொல்லையில் உழவிலோ மழையிலோ தானாக மேலே வந்ததைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதிலும், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே இடத்தில் குவியலாகக் கிடைத்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். 100 ஆண்டு தாண்டிய பொருளை உரிமம் இல்லாமல் விற்பதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

கழுவும் முன் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பொருளைவிட அது கிடந்த இடம் அதிகம் பேசும்.

ஓர் ஈயக் குண்டு தனியாக மேசைமேல் இருந்தால் அது வெறும் ஈயக் குண்டு. அதே குண்டு, கோட்டையைப் பார்த்த சரிவில், நசுங்கிய இன்னும் நான்கு குண்டுகளோடு கிடந்தது என்று தெரிந்தால் அங்கே சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நசுங்காத குண்டுகள் ஒரு சமதளத்தில் சிதறிக் கிடந்தால் அங்கே முகாமிட்டு, தோட்டா கட்டி, சிந்தியிருக்கிறார்கள். இடத்தை எழுதாமல் பொருளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. பிறகு எந்த நிபுணரிடம் கொடுத்தும் அதை மீட்க முடியாது.

எனவே எடுக்கும் முன் அது கிடக்கும்படியே செல்போனில் ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் வைத்து இன்னொன்று. மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தேதி, எந்தக் கொல்லை, உழவா மழையா, எவ்வளவு ஆழம், அதோடு வேறு என்ன கிடந்தது (ஓடு, கண்ணாடி, நாணயம், இரும்பு). ஏரி வண்டல் அடித்த கொல்லை என்றால் அதையும் எழுதுங்கள். வண்டலோடு வந்த பொருளின் சொந்த இடம் ஏரி, உங்கள் கொல்லை அல்ல.

சுத்தம் செய்வது

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது தாத்தா பரணில் வைத்திருந்த தகர டப்பாவில் ஒரு பொத்தானைப் பார்த்தேன். பூஜைச் சாமான் துலக்குவதுபோல் புளி போட்டுச் சாம்பலால் தேய்த்தேன். தங்கம்போல் மின்னியது, அன்று சந்தோஷமாகவும் இருந்தது. பின்னால் இருந்த எழுத்துகளும் முகப்பில் ஒட்டிக்கொண்டிருந்த முலாமும் என் கையோடு போய்விட்டன என்பது பல ஆண்டு கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பொத்தான் யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

புளி, எலுமிச்சை, வினிகர், சபீனா, பித்தளை பாலிஷ், கம்பி நார் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீர், மிருதுவான பழைய டூத்பிரஷ், இடுக்கில் இருக்கும் மண்ணுக்கு மூங்கில் பல்குச்சி. இவ்வளவுதான். மண் கெட்டியாக இருந்தால் ஒரு நாள் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிடுங்கள். வெள்ளீயப் பொத்தான் உதிரும் நிலையில் இருந்தால் தண்ணீர்கூட வேண்டாம், காயவிட்டு மண்ணை மட்டும் தட்டி எடுங்கள். ஈயக் குண்டின் மேல் இருக்கும் வெளுத்த பூச்சு அழுக்கு அல்ல, பல பத்தாண்டு மண்ணில் கிடந்ததற்கு அதுதான் சாட்சி. அதை அப்படியே விடுங்கள். ஈயம் விஷம் என்பதால் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பது

தேவைப்படும் கருவிகள் குறைவு. ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், நகைக்கடையில் இருப்பதுபோல் கிராமில் பத்தில் ஒரு பங்கையும் பிரித்துச் சொல்லும் சின்னத் தராசு, ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்.

முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை, கனமாக இருக்கிறது, நகத்தால் லேசாகக் கீறினால் தடம் விழுகிறது என்றால் ஈயம். பிறகு எடை. பிறகு விட்டம், மூன்று திசையில் அளந்து மூன்றையும் எழுதுங்கள்.

நசுங்கிய குண்டை எப்படி அளப்பது? நசுங்கினாலும் எடை பெரும்பாலும் மாறாது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். அதைக் கொண்டு கணக்கிட்டால், எடையின் கனமூலத்தை 5.52ஆல் பெருக்கினால் உருண்டையாக இருந்தபோது அதன் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 32 கிராம் என்றால் ஏறக்குறைய 17.5 மில்லிமீட்டர். 24.5 கிராம் என்றால் 16. செல்போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். நொறுங்கி ஒரு துண்டு போயிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

உருண்டைக் குண்டுகள்

நம் பகுதியில் கிடைப்பவற்றில் இவைதான் அதிகம். 18ஆம் நூற்றாண்டில் கம்பெனிச் சிப்பாயும் வெள்ளைக்காரச் சிப்பாயும் தூக்கியது பிரவுன் பெஸ் வகை மஸ்கெட், அதாவது வாய் வழியே மருந்தும் குண்டும் இடும் நீளத் துப்பாக்கி. அதன் குழல் வாய் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். குண்டு அதைவிடச் சின்னது, சுமார் 17.5 மில்லிமீட்டர், 31 முதல் 32 கிராம். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. இடைவெளி விட்டதற்குக் காரணம் உண்டு. கறுப்பு மருந்து சுடச்சுடக் குழலில் கரி படியும், இறுக்கமான குண்டு இறங்காது. குண்டைச் சுற்றியிருந்த காகிதமே மீதி இடத்தை அடைத்தது.

16 மில்லிமீட்டர் அளவில், 24 கிராமை ஒட்டி வந்தால் பிரெஞ்சு மஸ்கெட்டை நினைக்கலாம். அதன் குழல் வாயே 17.5 மில்லிமீட்டர்தான். ஹைதர், திப்பு இருவரின் படையிலும் பிரெஞ்சுக்காரர்களும் பிரெஞ்சுத் துப்பாக்கிகளும் இருந்தன. 22 கிராமை ஒட்டி, பதினைந்தரை மில்லிமீட்டர் என்றால் குதிரைப்படையும் பீரங்கிப்படையும் வைத்திருந்த ஆங்கிலேயக் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி. 13 கிராமை ஒட்டி வந்தால் கைத்துப்பாக்கி.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். 17.5 மில்லிமீட்டர் குண்டைக் கண்டதும் கம்பெனிக் குண்டு, 16 என்றால் திப்பு குண்டு என்று எழுதிவிடுகிறார்கள். குண்டு துப்பாக்கியைத்தான் சொல்லும், பிடித்த கையைச் சொல்லாது. மைசூர்ப் படை கைப்பற்றிய ஆங்கிலேயத் துப்பாக்கிகளையும் வைத்திருந்தது, தானே வார்த்தும் செய்தது. எந்தத் திசையிலிருந்து வந்து எங்கே விழுந்தது என்பதுதான் அணியைச் சொல்லும், அதற்குத்தான் இடக் குறிப்பு.

லென்ஸில் பாருங்கள். நடுவில் பூமத்திய ரேகை மாதிரி மெல்லிய கோடு ஓடினால் அது இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம். ஒரு புள்ளியில் வெட்டிய தடம் இருந்தால் ஈயம் ஊற்றிய வாய். இரண்டும் கையால் வார்த்ததற்கு அடையாளம். சுடாத குண்டில் இவை தெளிவாக இருக்கும். சுட்ட குண்டில் ஒரு பக்கம் சப்பையாக, சில நேரம் துணி நெசவோ பாறையின் சொரசொரப்போ பதிந்திருக்கும். பல் பதிந்த குண்டைக் கண்டால் காயம்பட்ட சிப்பாய் கடித்தது என்று கதை கட்ட வேண்டாம், பெரும்பாலும் பன்றி மென்றதுதான்.

உருண்டை இரும்பு என்றால், கொட்டைப்பாக்கு அளவில் கரடுமுரடாகத் துருவேறி இருப்பவை பீரங்கியிலிருந்து தகர டப்பாவில் அடைத்துச் சிதறவிட்ட சில்லுக்குண்டாக இருக்கலாம். உள்ளே வெற்றில்லாத பெரிய கெட்டிக் குண்டு என்றால் எடையை வைத்தே பீரங்கியைச் சொல்லலாம். 1.36 கிலோவும் 7 சென்டிமீட்டரும் என்றால் மூன்று பவுண்டர் (மூன்று பவுண்டு எடைக் குண்டு சுடும் பீரங்கி), 2.7 கிலோவும் 9 சென்டிமீட்டரும் என்றால் ஆறு பவுண்டர். துரு உரிந்து எடை கொஞ்சம் குறையலாம்.

துப்பாக்கிக்கான சிக்கிமுக்கிக் கல்லும் சேர்ந்து கிடைக்கலாம். நம் நிலத்தில் வெண்கல்லும் கருங்கல்லும்தான் உண்டு, சிக்கிமுக்கி இங்கே விளையாது. எனவே கட்டைவிரல் நகம் அளவில் வெட்டிய கல் கிடைத்தால் அது கப்பலில் வந்தது. கறுப்பு அல்லது கரும்சாம்பல் என்றால் இங்கிலாந்து, தேன் நிறம் என்றால் பிரான்ஸ் என்பது பொதுவான வழக்கு. பிரிட்டிஷ் படை 1840 வாக்கில், கல்லுக்குப் பதில் செம்புக் கேப்பை அடித்து மருந்தைப் பற்றவைக்கும் துப்பாக்கிக்கு மாறியது. ஆகவே கல் கிடைத்த இடம் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

நீளக் குண்டுகளும் தோட்டாக்களும்

குண்டு உருண்டையாக இல்லாமல், தலை குவிந்து அடி குழிந்திருந்தால் நீங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவுக்கு வந்துவிட்டீர்கள். 14 மில்லிமீட்டர் பருமனும் 34 கிராமும் உள்ள வழவழப்பான குண்டு 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளுடையது. 1857 கிளர்ச்சிக்குக் கொழுப்புத் தடவிய தோட்டா காரணமான அதே துப்பாக்கி. கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வேண்டுமென்றே குறைந்த துப்பாக்கி கொடுத்தார்கள். என்ஃபீல்டு போலவே தோற்றம், ஆனால் உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் மரை இல்லாத வழுக்குக் குழல். அப்போதிருந்தே இந்தியப் படைக்குப் புதுத் துப்பாக்கி ஒரு தலைமுறை தாமதமாகத்தான் வந்தது. எனவே லண்டனில் ஒரு துப்பாக்கி வந்த ஆண்டை அப்படியே நம் கொல்லைக்குப் பொருத்தக் கூடாது, பத்து இருபது ஆண்டு பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

உடம்பில் வளையக் கோடுகள், அடியில் சுட்ட களிமண் அடைப்பு, 14.5 மில்லிமீட்டர், 31 கிராம் என்றால் 1866இல் வந்த ஸ்னைடர். அதே 31 கிராம், ஆனால் ஒல்லியாக 11.4 மில்லிமீட்டர், நீளம் அதிகம் என்றால் 1871இல் வந்த மார்ட்டினி ஹென்றி.

செம்பு நிக்கல் உறை போட்ட, 7.9 மில்லிமீட்டர் குண்டு என்றால் நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் பல பத்தாண்டு பார்த்த த்ரீ நாட் த்ரீ. 1888க்கு முன் அது கிடையாது. மூக்கு மழுங்கி, 13.9 கிராம் என்றால் பழைய வகை. கூர் மூக்கு, 11.3 கிராம் என்றால் 1910இல் வந்த ஏழாம் வகை, அதாவது 1910க்குப் பிந்தையது.

காலித் தோட்டா கிடைத்தால் உங்கள் வேலை சுலபம். அடிப்பக்கத்தைப் பாருங்கள். கே, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அம்புக்குறியும் இருந்தால் அது பூனாவுக்குப் பக்கத்தில் உள்ள கிர்க்கி தொழிற்சாலை, இப்போதைய கட்கி. டி எழுத்து இரண்டு இருந்தால் கல்கத்தா பக்கத்து டம்டம். மேலே ரோமன் ஏழு இருந்தால் ஏழாம் வகை. இரண்டு இலக்கம் இருந்தால் அது ஆண்டு, 43 என்றால் 1943. அடிவிளிம்பு உடம்பைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது த்ரீ நாட் த்ரீயின் அடையாளம். விளிம்பு நீட்டாமல் பள்ளம் மட்டும் ஓடினால் அது பெரும்பாலும் சமீப காலத்தது. அஞ்செட்டி, பென்னாகரம், பாப்பாரப்பட்டி காட்டோரத்தில் அதிரடிப்படை நடமாடிய காலமும் உண்டு. அந்த வகை கிடைத்தால் சேகரிப்பில் வைக்காமல் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

பொத்தான்கள்

ஒரு பொத்தான் பல நேரம் ஒரு படைப்பிரிவின் பெயரையே சொல்லிவிடும், குண்டால் அது முடியாது. ஆனால் அவசரப்பட்டால் ஏமாற்றியும்விடும்.

திப்புவின் சிப்பாய் போட்டிருந்தது புலிவரி அச்சடித்த நாடாக் கட்டும் மேலாடை. ஆகவே உலோகப் பொத்தான் கிடைத்தால் பெரும்பாலும் அது கம்பெனிப் படை, அல்லது பிரிட்டிஷ் அரசப் படை, அல்லது பிரெஞ்சுக்காரர்.

முதலில் முகத்தைப் பார்க்காதீர்கள், திருப்பி முதுகைப் பாருங்கள். முகம் பெருமையைக் காட்டும், காலத்தைச் சொல்வது முதுகு. எலும்புத் துண்டின் மேல் மெல்லிய தகடு போர்த்தி, எலும்பில் துளை போட்டு நரம்பு கட்டியிருந்தால் 18ஆம் நூற்றாண்டு அதிகாரியின் உடுப்பு. சாம்பல் நிறத்தில், ஒரே வார்ப்பாக, காதும் (நூல் கோக்கும் வளையம்) சேர்ந்தே வார்த்திருந்தால் வெள்ளீயக் கலவை, அது சாதாரணச் சிப்பாய்க்கு. பிரிட்டிஷ் படையில் சிப்பாய்க்கு வெள்ளீயம் 1855 வரை இருந்தது, பிறகு பித்தளை. தட்டையான ஒற்றைத் தகட்டில் கம்பிக் காது பற்றவைத்து, பின்னால் முலாமின் தரத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் வட்டமாக ஓடினால் 1796க்குப் பிறகு என்று எண்ணலாம். அந்த ஆண்டில்தான் இங்கிலாந்தில் பொத்தான் முலாமைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. முன்தகடும் பின்தகடும் ஓரத்தில் மடித்துச் சேர்ந்து, உள்ளே வெற்றாக, குலுக்கினால் மண் சத்தம் கேட்டால் அது 1813இல் பெஞ்சமின் சாண்டர்ஸ் காப்புரிமை வாங்கிய முறைக்குப் பிந்தையது. பின்னால் தயாரித்த நிறுவனத்தின் பெயரோடு லிமிடெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இருந்தால் 1855க்கு முன் போக வழியே இல்லை. அந்தச் சட்டமே அந்த ஆண்டுதான் வந்தது.

இப்போது முகத்துக்கு வாருங்கள். எண் இருக்கிறதா? பிரிட்டிஷ் அரசப் படைப்பிரிவுகள் தங்கள் எண்ணைப் பொத்தானில் போட வேண்டும் என்ற ஆணை 1767 செப்டம்பரில் வந்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றி முதல் சண்டை நடந்ததும் அதே ஆண்டு. ஆணை லண்டனில் கையெழுத்தாகி, பொத்தான் வார்த்து, கப்பலேறி வர மாதக் கணக்காகும். எனவே எண் இல்லாத பழைய வெள்ளீயப் பொத்தானை ஒன்றுமில்லாதது என்று தள்ளாதீர்கள், முதல் போருக்கு அதுதான் பொருத்தம்.

1871இல் அரசப் படையின் சாதாரணச் சிப்பாய்களுக்கு எண் பொத்தான் எடுக்கப்பட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரியாக அரச இலச்சினை வந்தது. 1881இல் படைப்பிரிவு எண்களே போய் ஊர்ப் பெயர்கள் வந்தன.

கிரீடம் இருந்தால் அதன் வளைவைக் கவனியுங்கள். நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு தோள் தூக்கியது போல் இருந்தால் விக்டோரியா காலம். மேடாகக் குடைபோல் உருண்டிருந்தால் 1901க்குப் பிறகு வந்த மன்னர்கள் காலம். பின்னிய எழுத்துகளும் கைகொடுக்கும். வி, ஆர் என்ற இரண்டோடு ஐ சேர்ந்திருந்தால் விக்டோரியா இந்தியப் பேரரசியான 1877க்குப் பிந்தையது. இ, ஆர், ஐ என்றால் 1901 முதல் 1910. ஜி, ஆர், ஐ என்றால் 1910க்குப் பிறகு. கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்திருந்தால் குடியரசான 1950க்குப் பிந்தையது. கம்பெனியின் இதய வடிவ முத்திரையோ, 1808இல் வந்த நின்ற சிங்கமோ துப்பாக்கி உறுப்புகளில் இருக்கலாம், உடைந்த பூட்டுத் தகடு கிடைத்தால் அங்கே தேடுங்கள்.

ஓர் எண், மூன்று படைகள்

எண்ணைக் கண்டதும் இணையத்தில் தட்டி முதலில் வருவதை எழுதிவிடும் பழக்கத்துக்கு 73 நல்ல பாடம்.

1777இல் லார்டு மக்லியோடு திரட்டிய ஸ்காட்லாந்து ஹைலாண்டுப் படைக்கு 73 என்று எண். ஹைதரோடு மோதியது அந்தப் படை. 1786இல் அதன் எண் 71 ஆனது. அதே 1786இல் 42ஆம் படையின் இரண்டாம் பட்டாளம் தனிப் படையாகி 73 என்ற எண்ணைப் பெற்றது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது இந்த 73. பிறகு 1903இல் இந்தியாவின் தலைமைப் படைத்தலைவர் கிட்சனர் இந்தியப் படைகளுக்குப் புது எண் கொடுத்தபோது பழைய மதராஸ் படைகளின் எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். பழைய 13ஆம் மதராஸ் படை 73ஆம் கர்னாட்டிக் படையானது, 1922 வரை அந்த எண் நீடித்தது.

ஆக 73 என்று போட்ட பொத்தான் ஒன்று கையில் இருந்தால் 1777இலிருந்து 1922 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். எப்படிப் பிரிப்பது? முதுகைப் பாருங்கள். வெள்ளீய வார்ப்பு, காது சேர்ந்தே இருக்கிறது என்றால் மூன்றாவது படை அடிபட்டுவிட்டது. உள்ளே வெற்றான பித்தளை, பின்னால் தயாரித்தவர் பெயர், உருண்ட கிரீடம் என்றால் முதல் இரண்டும் அடிபட்டன. முதல் இரண்டுக்குள் பிரிப்பதற்குக் கிடந்த இடம்தான் வழி. ஹாரிஸ் படை போன பாட்டையில், ராயக்கோட்டைப் பக்கம், 17.5 மில்லிமீட்டர் சுடாத குண்டுகளோடு கிடந்தால் இரண்டாவது 73 என்பதற்கு வலு அதிகம். இதையும் "பெரும்பாலும்" என்றே எழுதுங்கள், "நிச்சயம்" என்று எழுத வேண்டாம்.

எல்லாப் பொருளுக்கும் இதே முறைதான். எந்த ஆண்டுக்கு முன் இருக்க முடியாது என்பதை முதலில் பிடியுங்கள். எந்த ஆண்டுக்குப் பின் செய்திருக்க மாட்டார்கள் என்பதை அடுத்து. இந்த இரண்டாவது எல்லை பொருள் செய்த காலத்துக்குத்தான், தொலைந்த காலத்துக்கு அல்ல. ஓய்வுபெற்ற சிப்பாயின் கோட்டு மகனுக்கும் பேரனுக்கும் போகும். கிழிந்த பட்டாளத்துக் கோட்டு சந்தையில் விற்று, மாடு மேய்ப்பவர் தோளுக்கு வரும். பொத்தான் நூறு வருஷம் கழித்துக்கூட அறுந்து விழுந்திருக்கலாம்.

பட்டாளத்தோடு சேராதவை

நடுவில் துளை போட்ட ஈயக் குண்டு மீன் வலைக்குக் கட்டுவது, கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைப் பக்கம் நிறையக் கிடைக்கும். சில நேரம் பழைய குண்டையே துளைத்துக் கட்டியிருப்பார்கள், அதையும் எழுதிவையுங்கள். அளவு மாறி மாறி வரும் சின்ன ஈயக் குண்டுகளும் ரவைகளும் தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் கிடைத்தால் நாட்டுத் துப்பாக்கி வேட்டையை நினையுங்கள். வழவழப்பான, குறையே இல்லாத இரும்பு உருண்டை லாரிப் பட்டறையின் பால்ரஸ் குண்டு.

பித்தளைப் பொத்தானில் போலீஸ், வனத்துறை, டவாலி போட்ட கலெக்டர் ஆபீஸ் சேவகர் எல்லோரும் உண்டு. ரயில்வேயும் உண்டு. 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், 1913இல் ஓசூர் வரைக்கும் ஒரு சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். அந்தப் பழைய பாதையோரம் கிடைத்த பொத்தானில் ரயில்வே நிறுவனத்தின் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது ரயில்வேக்காரருடையது. பட்டாளம் இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள். காணாமல் போன அந்த ரயிலுக்கு அது சாட்சி.

வைப்பதும் காட்டுவதும்

ஈயத்தை மரப்பெட்டியிலோ அட்டை டப்பாவிலோ வைக்காதீர்கள். மரம் விடும் புளித்த ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். ஜிப் வைத்த பாலிதீன் கவர் போதும், ஒரு பொருளுக்கு ஒரு கவர். இரும்போ பித்தளையோ இருக்கும் கவரில் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். அடையாளம் தெரியாததைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டலாம். இடக் குறிப்போடு போனால் அவர்களாலும் சொல்ல முடியும்.

கவருக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று இருக்க வேண்டும், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். நான் எழுதும் முறை இது:

"உருண்டை ஈயக் குண்டு. 30.8 கிராம். விட்டம் 17.3, 17.2, 17.3. அச்சுக்கோடு தெளிவு, சுடாதது. கோட்டை மலைக்குக் கிழக்கே மாங்கொல்லை, கிணற்றிலிருந்து வடக்கே 40 தப்படி. மழைக்குப் பிறகு மேலே கிடந்தது. பக்கத்தில் இதேபோல் இன்னும் இரண்டு, கறுப்பு ஓடு. கழுவியது தண்ணீரில் மட்டும். பிரவுன் பெஸ் வகை மஸ்கெட், பெரும்பாலும் 1767க்கும் 1799க்கும் இடையில்."